சமாளித்தால் மட்டும் போதுமா?



நூற்றாண்டு விழாவில் வைத்தியசாலைக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எங்களில் தாதியராகவும் மருந்தாளராகவும் வைத்தியராகவும் போனவர்களைக் கையுயர்த்தச் சொன்னால் காரணம் விளங்கிவிடும்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். வைத்தியசாலை மின்பிறப்பாக்கியை நம்பி இயங்கியது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது கப்பலைப் பார்த்துக் காத்திருந்தோம். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. ஒவ்வொரு முறையும், "எப்படியோ சமாளித்தோம்" என்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சமாளிப்புக்குள் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வழக்கமான மருந்து தீர்ந்து, அதே மருந்து வேறு செறிவில் வருகிறது என்று வையுங்கள். தொடர்ந்து இரண்டாம் இரவும் கடமையில் நிற்கும் தாதி பழைய கணக்கில் ஏற்றிவிட்டால்? அவளுக்குக் குற்றப்பத்திரம் கொடுப்பது சுலபம். மாற்றத்தை விடுதிகளுக்கு அறிவிப்பது யார், போத்தலில் அடையாளம் ஒட்டுவது யார் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது நிர்வாகியின் வேலை. அதற்குப் பயிற்சி வேண்டும். சேவை மூப்பு மட்டும் அதைக் கற்றுத் தராது.

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டளவில், வைத்தியர் விமல் கரந்தாகொட பணிப்பாளராக இருந்தபோது, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 'ஐந்து எஸ்' முறையை அங்கே கொண்டுவந்தார்கள். வேண்டாததை அகற்று, ஒவ்வொன்றுக்கும் இடம் வகு, துப்புரவாக வை, எங்கும் ஒரே ஒழுங்கைப் பேணு, அதைப் பழக்கமாக்கு, அவ்வளவுதான். எங்கள் அம்மாமாரின் குசினியில் இருட்டிலும் உப்புப் போத்தல் கைக்கு எட்டியது இதே அறிவால்தான்! 2007 முதல் ஜப்பானிய உதவியுடன் ஆபிரிக்க வைத்தியசாலை நிர்வாகிகள் அதைக் கற்க இலங்கைக்கே வந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 விடயங்கள். எட்டு நகரங்களில் பரீட்சித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது. ஆனால் "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, ஆளின் பெயரை இன்னும் கேட்கவில்லை" என்று பேராசிரியரை நிறுத்த ஓர் இளம் தாதிக்குத் துணிவு வேண்டும். பணிப்பாளர் தன் பக்கம் நிற்பார் என்று தெரிந்தால்தான் அந்தத் துணிவு வரும்.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு ஒன்று. நீங்கள் அன்போடு அனுப்பும் இயந்திரங்களில் சில மூலையில் தூங்குகின்றன. கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், திருத்துபவர் யார்? பெட்டி கட்டுமுன் வைத்தியசாலைக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை விடுதிப் பொறுப்புத் தாதியரின் முகாமைத்துவப் பயிற்சிக்கு ஒதுக்கலாமா என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுவோம்.