பெங்களூரில் மூன்று நாள் ஜாகை

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ் மக்களுக்குப் பெங்களூர் ஒரு தனிவகையான ஊர். அது சொந்த ஊருமன்று, முற்றும் அயலூருமன்று. மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், சேலத்திலும் தருமபுரியிலும் வேலூரிலும் இருக்கும் பெற்றோரை அங்கே சந்திக்கிறார்கள். ஓசூர் எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் நகரம் அது. தந்தைக்கு வைத்தியம், மகளுக்குக் கல்லூரி, தம்பிக்குப் பெண் பார்ப்பது என்று காரணங்கள் பல. இவற்றுள் எதுவாயினும், இரண்டு அல்லது மூன்று நாட்கள் அந்நகரில் தங்க வேண்டியதாகிறது. அந்த மூன்று நாள் ஜாகையை எவ்வாறு திட்டமிடுவது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். முதியவர் ஒருவரை மருத்துவரிடம் காட்டுவதற்காக நாங்கள் பெங்களூர் சென்றோம். வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நகரின் ஓரத்தில் ஒரு விடுதியைப் பதிவு செய்திருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது, அறை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். இரவெல்லாம் ரயிலில் கண்விழித்த பெரியவர், வரவேற்பறை நாற்காலியில் ஏழு மணி நேரம் அமர்ந்திருந்தார். மாடிக்குச் செல்ல லிஃப்ட் இல்லை. மறுநாள் காலை புறப்பட்ட வாடகைக் கார் நெரிசலில் சிக்கியதால், மருத்துவமனையில் முன்னரே பெற்றிருந்த நேரம் தவறிப்போயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோருடன் கழிக்கக் கிடைத்த மூன்று நாட்களில் ஒன்றரை நாள் இவ்வாறு வீணாயிற்று. விடுதியார் எங்களை ஏமாற்றவில்லை. கேட்கவேண்டியதைக் கேளாதது எங்கள் பிழை. ஆகவே, இது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நமக்குக் கிட்டும் சொற்பப் பொழுதைக் காப்பாற்றிக் கொள்வதைப் பற்றிய பேச்சாகும்.

முற்காலத்தில் பிரயாணிகளுக்குச் சத்திரங்கள் இருந்தன. குப்பி தோட்டதப்பா என்னும் வணிகப் பெருமகனார் 1903-ஆம் ஆண்டில் பெங்களூர் ரயில் நிலையத்தின் அருகே நிறுவிய தருமசத்திரம் அவ்வகையில் புகழ்பெற்றது. சத்திரம் இல்லையேல் உறவினர் வீடு இருக்கவே இருந்தது. ஆனால் இன்று இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளும், இரண்டே அறைகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. நான்கு பேர் பெட்டிகளுடன் சென்று இறங்கினால், உபசரிப்போருக்கும் இடர், தங்குவோருக்கும் கூச்சம். எனவே நடுத்தர வாடகையில் ஒரு விடுதி எடுத்துக்கொள்வது குற்றமன்று.

ஆயினும் அதைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. “ஏன், எங்கள் வீட்டில் இடமில்லையா?” என்று சித்தி கேட்டு மனம் நொந்த பிறகு சமாதானம் கூறுவதைவிட, புறப்படுமுன்னரே அவர்களுக்குத் தெரிவித்துவிடுவது நன்று. “ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குகிறோம், சித்தி, ஞாயிற்றுக்கிழமை மத்தியான்னச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான்” என்று சொன்னால் உறவும் நிற்கும், ஓய்வும் கிட்டும்.

இனி, இடத்தைத் தெரிந்தெடுப்போம். பெங்களூரில் விடுதியைத் தேடுமுன், நாம் எங்கே இறங்குகிறோம், எதற்காகச் செல்கிறோம் என்னும் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டும். நீண்டதூர ரயில்கள் எல்லாம் ஒரே நிலையத்தில் வந்து நிற்பதில்லை. பழைய சிட்டி ஸ்டேஷனுக்கு இன்று கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணர் பெயர் வழங்குகிறது. யஷ்வந்த்பூரில் பல வண்டிகள் நிற்கின்றன. பையப்பனஹள்ளியில் 2022-இல் இயங்கத் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா முனையத்துக்கு வரும் வண்டிகளும் பல. பயணச்சீட்டில் நிலையத்தின் பெயரைப் பார்க்காமல், “மெஜஸ்டிக் பக்கம் லாட்ஜ் போதும்” என்று பதிவு செய்தவர்கள், நகரின் கிழக்குக் கோடியில் பெட்டிகளோடு நின்றதுண்டு. விமானத்தில் வருவோருக்கும் இது பொருந்தும். 2008-இல் திறக்கப்பட்ட தேவனஹள்ளி விமான நிலையம் நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அங்கிருந்து நகரின் பல பகுதிகளுக்கும் ‘வாயு வஜ்ரா’ என்னும் பேருந்துகள் செல்கின்றன. முன்பதிவு செய்யும்போதே, விடுதிக்கு அண்மையில் அப்பேருந்து நிற்குமா என விசாரித்தல் நலம்.

அடுத்து, செல்லும் காரியம். மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்கும் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ், புற்றுநோய்க்குரிய கித்வாய் நிலையம் ஆகிய இரண்டும் நகரின் தென்பகுதியில் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. ஜயதேவா இருதய மருத்துவமனை ஜயநகரை ஒட்டிப் பன்னேர்கட்டா சாலையில் உள்ளது. கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் சத்ய சாயி மருத்துவமனையோ ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் இருக்கிறது. இவற்றுள் ஒன்றில் காலை வேளையில் காத்திருக்க வேண்டியவர் நகரின் மறுகோடியில் தங்குவாராயின், முதல் நாளே களைத்துப் போவார்.

பெங்களூரில் தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதால் பயனில்லை. நேரத்தில் அளத்தல் வேண்டும். இவ்விஷயத்தில் மெட்ரோ ரயில் பெரிய துணை. 2011 அக்டோபரில் மகாத்மா காந்தி சாலைக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையே தொடங்கிய ‘நம்ம மெட்ரோ’, இன்று மூன்று பாதைகளில் ஓடுகிறது. ஊதாப் பாதை கிழக்கே ஒயிட்ஃபீல்டு வரையும், பச்சைப் பாதை வடக்கிலிருந்து தெற்காகவும் செல்கின்றன. இரண்டும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் பாதை ஜயதேவா மருத்துவமனை, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்கிறது. மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் சாதாரண விடுதி, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் அழகிய விடுதியைவிட மேலானது என்பது எமது துணிபு.

கணக்கையும் பார்த்துவிடுவோம். காரியம் நடக்கும் இடத்துக்கு அருகில் ஓர் அறைக்கு நாள் ஒன்றுக்கு 2500 ரூபாய் என்றும், தொலைவில் 1800 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். தொலைவில் தங்கினால் 700 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் நெரிசல் வேளையில் காருக்குப் போக 500, வர 500 ஆயின், மிச்சம் போய் 300 ரூபாய் நஷ்டமாகிறது. போதாக்குறைக்கு மூன்று மணி நேரமும் செலவாகிறது. வரியையும் மறத்தலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு முன் அது 12 ஆக இருந்தது. எனவே 2500 ரூபாய் அறையில் மூன்று நாள் தங்கினால் 7500 ரூபாய் வாடகையும் 375 ரூபாய் வரியுமாக 7875 ஆகும். சொல்லப்படும் வாடகை வரியைச் சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்டுக்கொண்டால் புறப்படும்போது சச்சரவு இராது. விடுதியோடு சேர்ந்த உணவகத்தில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தாமாகவே பில்லில் சேர்த்தல் கூடாது என 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் நீக்கும்படி பணிவாகக் கேட்கலாம். குறை தீராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பெயர்ப் பலகைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊரைப் போலவே பெங்களூரிலும் ‘ஹோட்டல்’ என்றால் பல இடங்களில் உணவுச்சாலை மாத்திரமே. தங்கும் இடங்கள் ‘லாட்ஜ்’, ‘ரெஸிடென்ஸி’, ‘கம்ஃபர்ட்ஸ்’ என்னும் பெயர்களைத் தாங்கி நிற்கும். பெயரையும் படங்களையும் மட்டும் நம்பாது, விடுதியின் தொலைபேசிக்கே ஒருமுறை பேசிவிடுங்கள். கேட்கவேண்டியவை சிலவே. அறைக்கணக்கு நண்பகல் முதலா, அன்றி நாம் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரமா? லிஃப்ட் உண்டா? வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலையில் மட்டுமா? முதியோருக்கு ஏற்ற மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா? கூடுதல் படுக்கைக்கு என்ன கட்டணம்? கட்டடத்தில் கல்யாண மண்டபமோ மதுக்கடையோ இருக்கிறதா? பயணம் தடைப்பட்டால் முன்பணம் திரும்புமா? விடியற்காலையில் இறங்குபவர்கள் முதல் வினாவை மறந்தால் என்ன நேரும் என்பதை முன்பே சொன்னோம். இரயில் விடியற்காலையில் சேருமாயின், இருபத்து நான்கு மணிக் கணக்குள்ள விடுதியே உகந்தது; அல்லது முதல்நாள் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட வேண்டும்.

வயது வந்த ஒவ்வொருவருக்கும் அடையாளச் சான்று தேவை. தந்தையின் சான்று ஊரில் பீரோவில் இருக்கிறது என்றால் வரவேற்பறையில் நிற்க நேரும். ஆதார் அட்டையின் நகல் தருவதாயின், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வகையிலான மறைப்பு நகலைப் பெற்று எடுத்துச் செல்லலாம்.

காலமும் கருதத் தக்கது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூரின் காற்று இதமானது. மாலையில் முதியவர்களுக்கு ஒரு சால்வை வேண்டும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளில் பிப்ரவரியில் எலகங்காவில் விமானக் கண்காட்சி நடைபெறும். இத்தகைய நாட்களில் அறை கிடைப்பது அருமை; வாடகையும் ஏறும். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதிகள் வெள்ளத்தில் மிதந்ததை நாடறியும். 2024 கோடையிலோ நகரம் தண்ணீருக்குத் தவித்தது. ஆகவே கோடையில் செல்வோர், தண்ணீர் வசதியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர்., 1943-இல் தொடங்கிய காந்தி பஜார் வித்யார்த்தி பவன் முதலியவை நாடறிந்தவை. தெருத்தோறும் ‘தர்ஷினி’ எனப்படும் சிற்றுண்டிச் சாலைகள் உண்டு. ஆயின் தர்ஷினிகளில் பெரும்பாலும் நின்றுகொண்டே உண்ண வேண்டும். முழங்கால் வலியுள்ள அன்னையை அங்கே அழைத்துச் செல்லாது, அமர்ந்து உண்ணும் இடம் ஒன்று விடுதிக்கு அருகில் இருக்கிறதா என்று முன்னரே பார்த்து வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பெங்களூரில் தமிழ் பேசினால் பலருக்கும் புரியும். அல்சூர், சிவாஜி நகர் போன்ற பகுதிகளில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். எனினும் நாம் விருந்தினர் என்பதை நினைவில் கொள்ளுதல் முறை. ‘எஷ்டு’ என்றால் எவ்வளவு. ‘எல்லி’ என்றால் எங்கே. ‘பேகு’ என்றால் வேண்டும். ‘சாகு’ என்றால் போதும். ‘பிசி நீரு’ என்றால் வெந்நீர். இந்த ஐந்து சொற்களோடு ‘தயவிட்டு’ என்னும் பணிச்சொல்லையும் சேர்த்துக்கொண்டால், விடுதிப் பணியாளரின் முகம் மலர்வதைக் காணலாம்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்கிறது. 1991-இல் நிறுவப்பட்ட அச்சிலை, மொழிப்பூசல் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு மூடப்பட்டிருந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் இரு மாநில முதலமைச்சர்களும் கூடி அதைத் திறந்தனர். நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. மருத்துவமனை வேலை முடிந்த ஒரு மாலையில் பெற்றோரை அக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடுதியைச் சரியாகத் தேர்ந்தவருக்கு அத்தகைய மாலைப்பொழுது ஒன்று மிஞ்சும். வாடகையில் நூறு ரூபாய் குறைந்ததையோ கூடியதையோ பின்னாளில் யாரும் நினைப்பதில்லை. தாயும் தந்தையும் களைப்பின்றி நம்மோடு அமர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமே நினைவில் நிற்கும்.