பெருஞ்சுமைக்கு வழி காணல்

(அரசு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)

திட்டச் செலவைப் பற்றிப் பேசும்போது இயந்திரத்தின் விலையைக் கணக்கிடுகிறோம். கட்டடம், கூலி, வட்டி ஆகியவற்றையும் கணக்கிடுகிறோம். அந்த இயந்திரம், செய்யப்பட்ட இடத்திலிருந்து நிறுவப்படும் இடத்திற்கு எவ்வழியாக வந்து சேரும் என்னும் கேள்வியோ "போக்குவரத்தும் இதர செலவுகளும்" என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சாலையில் ஓடும் சரக்கு வண்டிகளுக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. 2018 ஜூலையில் சுமை வரம்புகள் உயர்த்தப்பட்டபோது, ட்ரெய்லர் பூட்டிய வண்டிகளின் உச்ச எடை, சரக்கையும் சேர்த்து, 49 டன்னிலிருந்து 55 டன் ஆயிற்று. அகலம் பொதுவாக 2.6 மீட்டரைத் தாண்டலாகாது. நெல்லோ சிமெண்டோ இந்த வரம்பை மீறினால் இன்னொரு லாரியில் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால், மின்நிலையத்தின் ஜெனரேட்டர் ஸ்டேட்டரையோ, பெரிய மின்மாற்றியையோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ரியாக்டர் கலனையோ கூறுபோட்டு ஏற்ற இயலாது. மின்மாற்றியிலிருந்து எண்ணெயை வடித்து, அதற்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜனையோ உலர்ந்த காற்றையோ நிரப்பி, கழற்றக்கூடிய உறுப்புகளையெல்லாம் கழற்றிய பின்னரும் நூற்றுக்கணக்கான டன் எஞ்சி நிற்கும். இத்தகைய சுமைகளுக்குத் தனி அனுமதி பெற்று, தனி வண்டியில், தனியாக ஆய்ந்து தேர்ந்த வழியில்தான் செல்லவேண்டும்.

இங்கே பொதுவாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தைக் களைவது நல்லது. பெருஞ்சுமை வண்டி சாலையை நாசமாக்கிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை, சேதம் வண்டியின் மொத்த எடையைப் பொறுத்ததன்று, ஒவ்வோர் அச்சும் தாங்கும் சுமையைப் பொறுத்தது என்று காட்டியது. அச்சுச் சுமை இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். 240 டன் எடையை 20 அச்சு வரிசைகள் கொண்ட ஹைட்ராலிக் ட்ரெய்லரில் பரப்பினால் வரிசைக்கு 12 டன்; அதையும் எட்டு டயர்கள் பகிர்ந்துகொள்கின்றன. நான்கு டயர் அச்சில் 16 டன் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பறக்கும் மணல் லாரிதான் சாலைக்குப் பெரும் பகை. அந்த லாரிக்கு எவரும் வழித்தட ஆய்வு செய்வதில்லை.

பாலத்தின் கதை வேறு. மேற்சொன்ன ட்ரெய்லரில் அச்சு வரிசைகளுக்கிடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று கொண்டால் அதன் நீளம் 30 மீட்டரை நெருங்கும். 6 மீட்டர் அகலமுள்ள ஓடைச் சிறுபாலத்தின் மீது ஒரு நேரத்தில் நான்கைந்து வரிசைகளே நிற்கும். அது தாங்கவேண்டியது ஏறத்தாழ 60 டன். தூணுக்குத் தூண் 40 மீட்டர் உள்ள ஆற்றுப் பாலத்திலோ 240 டன்னும் ஒரே கண்ணின் மேல் ஏறிவிடும். அச்சுகளைப் பெருக்குவது சிறு பாலத்தைக் காக்கும். பெரிய பாலத்தை அந்த அளவுக்குக் காக்காது. எனவேதான் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதித்தொகுப்பில் 385 டன் சிறப்பு வண்டி ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது. அவ்வண்டி பாலத்தில் தன்னந்தனியாக, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், பாதையின் நடுக்கோட்டை ஒட்டியே செல்லும் என்பது கணக்கின் அடிப்படை. இவ்வேற்பாட்டிற்கு முன் கட்டப்பட்ட பாலங்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். வரைபடமே கிடைக்காத பாலங்களும் உண்டு.

எடை குறைவாயினும் உருவம் பெரிதானால் தொல்லை தீராது. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திற்காக மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத்திலிருந்து ஓர் ஆட்டோகிளேவ் கலன் 2019 ஜூலையில் புறப்பட்டது. அதன் எடை சுமார் 70 டன்தான், உயரமோ 7.5 மீட்டர். அது திருவனந்தபுரத்தை அடைந்தது 2020 ஜூலையில். இடையில் ஊரடங்கும் குறுக்கிட்டது என்றாலும், வழியெங்கும் மரக்கிளைகளை வெட்டி, மின்கம்பிகளை அவிழ்த்துக் கட்டிய வேலையே பயணத்தைப் பெரிதும் நீட்டியது. வளர்ச்சி ஒவ்வொன்றும் இத்தகைய சுமைக்குப் புதியதொரு தடையாவதையும் கவனிக்க வேண்டும். மேம்பாலம், நடைமேம்பாலம், சுங்கச்சாவடிக் கூரை எல்லாம் அப்படித்தான். ரயில் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்ட இன்று, லெவல் கிராசிங்கில் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் தடுப்புச் சட்டம் நிற்கிறது. அதை மீற வேண்டுமாயின், ரயில்வே நிர்வாகம் போக்குவரத்தை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்க இசையவேண்டும்.

இனி, நாட்டின் வடகிழக்கில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். திரிபுராவில் இயற்கை எரிவாயு இருந்தது. அதை வைத்துப் பாலாட்டானாவில் 726 மெகாவாட் மின்நிலையம் அமைப்பது என்று முடிவாயிற்று. எரிபொருள் இருக்குமிடத்தில் நிலையத்தை அமைப்பது பொருளாதார நோக்கில் குற்றமற்ற முடிவு. ஆனால், கொல்கத்தாவிலிருந்து சிலிகுரி வழியாக அகர்தலாவுக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அஸ்ஸாம், மேகாலய மலைச்சாலைகளின் வளைவுகளிலும் பாலங்களிலும் அந்த டர்பைன்களைக் கொண்டுசெல்வது நடவாத காரியம். வங்கதேசத்துடன் 2010-இல் உடன்பாடு ஏற்பட்டது. சுமைகள் கொல்கத்தாவிலிருந்து ஆற்று வழியாக அஷுகஞ்ச் துறைக்குச் சென்று, அங்கிருந்து அகௌரா வழியே சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் திரிபுராவை அடைந்தன. 2013 ஜூன் மாதம் முதல் அலகைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். 2016-இல் திரிபுராவிலிருந்து வங்கதேசத்திற்கு 100 மெகாவாட் மின்சாரம் செல்லத் தொடங்கியது.

இது வெற்றிக் கதைதான், ஐயமில்லை. ஆயினும் அந்த 50 கிலோமீட்டரில் இருந்த பாலங்கள் சுமையைத் தாங்கமாட்டா. எனவே அவற்றின் அருகே ஓடைகளிலும், திதாஸ் ஆற்றிலுமே, மண் கொட்டித் தற்காலிகப் பாதை அமைத்தார்கள். நீரோட்டம் தடைப்பட்டது, படகுகள் நின்றன, மீன் பிடிப்போர் பிழைப்பு கெட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அம்மண் அகற்றப்பட்டது. திட்ட அறிக்கையின் எந்தப் பத்தியில் அந்த மீனவரின் இழப்பை எழுதுவது என்று மாணவர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். நதியின் மீது பலமான பாலம் ஒன்றைக் கட்டியிருந்தால் செலவு கூடியிருக்கும், காலமும் பிடித்திருக்கும். ஆனால் டர்பைன் கடந்த பின்னும் பாலம் அவ்வூராருக்கு நின்றிருக்கும். மண்பாதையின் செலவு திட்டக் கணக்கில் குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம், அதன் ஒரு பகுதியைக் கணக்கில் இல்லாதவர்கள் செலுத்தினார்கள் என்பதே.

வழியை முன்கூட்டியே எண்ணினால் இயந்திரத்தின் வடிவத்தையே மாற்றலாம். 765 கிலோவோல்ட் துணைமின்நிலையங்களில் 1,500 எம்.வி.ஏ. திறனை ஒரே மின்மாற்றியாகச் செய்யாமல், ஒற்றைக் கட்ட மின்மாற்றிகள் மூன்றாகப் பிரிப்பதற்கு எடுத்துச்செல்லும் வசதியும் ஒரு காரணம். அவற்றுள் ஒன்று பழுதானால் மாற்றுவதும் எளிது. நீர்வழியைத் தேடுவதும் அவ்வகையே. நுமாலிகர் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கத்திற்குப் பிரம்மபுத்திரா உதவுகிறது. கூடங்குளத்திற்குத் தூத்துக்குடியிலிருந்து மிதவைப் படகு. அதிலும் இடரில்லாமல் இல்லை: 2023 செப்டம்பரில் நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த மிதவை கூடங்குளம் கரையருகே பாறையில் சிக்கிக்கொண்டது.

தேசிய நெடுஞ்சாலைகளில் இவ்வனுமதிகள் இப்போது இணைய வழியே வழங்கப்படுகின்றன. 2016-இல் தொடங்கிய இந்தியப் பாலங்கள் மேலாண்மை அமைப்பு, நெடுஞ்சாலைகளிலுள்ள ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட பாலங்களையும் சிறுபாலங்களையும் பதிவு செய்தது. ஆனால், மின்நிலையத்தின் வாயில் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இருப்பதில்லை. கடைசி இருபது முப்பது கிலோமீட்டர் மாநிலச் சாலையும் மாவட்டச் சாலையும்தான். அங்கேதான் பழைய வளைவுப் பாலமும், ஏரி மதகும், கடைவீதியின் திருப்பமும் வருகின்றன. மாவட்டங்களில் பணியேற்கப் போகும் அலுவலர்களிடம் நான் கேட்பது இது: உங்கள் எல்லைக்குள் பெருந்தொழில் ஒன்றிற்கு நிலம் தேரும் கோப்பு மேசைக்கு வரும்போதே, அந்தக் கடைசிப் பகுதியின் பாலங்களைப் பற்றிய குறிப்பையும் பொறியாளரிடமிருந்து பெற்று அதனுடன் இணைத்துவிடுங்கள்.