இன்றைக்கு எந்தப் பகுதி?



புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் வாசிக்கும் பைபிளில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். புத்தாண்டன்று ஆதியாகமத்தை உற்சாகமாகத் திறப்பவர்களில் பலர், லேவியராகமத்தின் பலிமுறைகளுக்கு வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடுவது பழைய கதை. அதற்கு ஒரு வழி கண்டவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் புனித பேதுரு ஆலயப் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன்.

1842 முடிவில் அவர் தம் சபையாருக்கு ஓர் அட்டவணை அச்சிட்டுக் கொடுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரம். இரண்டு குடும்பமாக, இரண்டு தனிமையில். ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் நான்கிலும் முதல் அதிகாரம். ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். ஏப்ரலில் லேவியராகமம் வரும்போது பக்கத்திலேயே சங்கீதமும் இருக்கும். வறண்ட பகுதியில் யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை.

இதில் சுவையான விஷயம், நன்மைகளைச் சொல்லும் முன்பே ஆபத்துகளைப் பட்டியலிட்டிருக்கிறார் மெக்செய்ன். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம். முடித்துவிட்டோம் என்ற பெருமை வரலாம். கவனமில்லாமல் கண் மட்டும் ஓடலாம். சிலருக்கு இது சுமக்க முடியாத நுகமாகலாம். எதைப் படிப்பது என்று தேடி நேரம் போகாது, சபை முழுவதும் ஒரே பகுதியை வாசிக்கும் என்பவை அவர் கண்ட நன்மைகளில் சில. அந்த ஆண்டின் அட்டவணையை அவரே முடிக்கவில்லை. 1843 மார்ச்சில் டைபஸ் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 29.

நான்கு அதிகாரம் அதிகம் என்பவர்களுக்கு ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் அதற்கும் முன்பே வேறோர் அளவு இருந்தது. 1728 மே மாதத்தில் ஒரு மாலை, மறுநாளுக்கென ஒரு வசனத்தைச் சபையாரிடம் கொடுத்தார் அங்கிருந்த சபையை வழிநடத்திய சின்சென்டார்ஃப் பிரபு. அது வீடு வீடாகச் சென்றது. 1731 முதல் ஆண்டு முழுவதற்குமான வசனங்கள் புத்தகமாக வருகின்றன. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள்; அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். தனக்குப் பிடித்த வசனத்தையே திரும்பத் திரும்பப் புரட்டும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இன்னும் மெதுவாக வாசிக்கச் சொன்னவர் ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர். 1935இல் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியில், ஒவ்வொரு காலையும் அரைமணி நேரம் மௌன தியானம். ஒரு வாரம் முழுவதும் ஒரே சிறு பகுதி! விளக்கவுரை கூடாது, பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கவும் கூடாது. மாணவர்களில் பலர் ஆரம்பத்தில் திணறினார்கள். அரைமணி நேரம் என்னதான் செய்வது? 1937இல் ஹிட்லரின் ரகசியப் போலீசார் பள்ளியை மூடினார்கள்.

போன்ஹோஃபரோ நாள்தோறும் வாசிக்கும் பழக்கத்தைச் சிறைக்கும் கொண்டுபோனார். அவரும் தொடர்பு வைத்திருந்த சதியாளர்கள் ஹிட்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்றது 1944 ஜூலை 20. தமக்கு இனித் தப்ப வழியில்லை என்று அவர் உணர்ந்திருக்கக்கூடிய நேரம் அது. மறுநாள் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நேற்றும் இன்றும் வந்த ஹெர்ன்ஹூட் வசனங்கள் தமக்கு மகிழ்ச்சி தந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த வசனங்களை அவர் தேடி எடுக்கவில்லை. அவை எப்போதோ சீட்டில் விழுந்து, அச்சாகி, அந்தத் தேதியில் காத்திருந்தவை.

நான்கு அதிகாரமோ, ஒரு வசனமோ, வாரம் ஒரு பகுதியோ, மூன்றிலும் அன்றைய பங்கை வாசிப்பவரின் மனநிலை தீர்மானிப்பதில்லை. புதிதாகத் தொடங்க நினைக்கும் நேயர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கலாம். நான்கு சுவிசேஷங்களில் சிறியது அதுதான், 16 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலாகும். வீட்டில் இன்னொருவரும் அதே பகுதியை வாசித்தால், இரவுச் சாப்பாட்டின்போது பேச விஷயம் இருக்கும்.