கடிகாரம் கட்டிய கையில் அரிப்பா?

அணிகலனும் உடல்நலமும் என்பது இன்றைய தலைப்பு. நான் கைக்கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலேயே சொல்ல நிறைய உண்டு.

எனக்கு முதல் வேலை கிடைத்தபோது அப்பா தம் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். பேருந்து ஓட்டிய காலமெல்லாம் அவர் கட்டியிருந்தது. மூன்றாம் நாள் மணிக்கட்டு அரித்தது. பிறகு கடிகாரம் பட்ட இடம் மட்டும் வட்டமாகச் சிவந்து, சிறு கொப்புளங்கள் கிளம்பின. கழற்றி வைத்துவிட்டேன். "பழசுன்னு கட்ட மனசில்லையாம்மா?" என்று கேட்டார் அப்பா. அரிப்பைவிட அந்தக் கேள்விதான் உறுத்தியது.

தோல் மருத்துவர் என் முதுகில் சில பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். நிக்கல் ஒவ்வாமை என்றார். பெண்களுக்கு இது பெரும்பாலும் காது குத்திப் போடும் மலிவுக் கம்மலிலிருந்து தொடங்குமாம். எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. களிம்பு தடிப்பைத்தான் அடக்கும்.

அப்பாவை ஒன்றும் செய்யாதது என்னை ஏன் செய்தது? அவருக்கு அந்த ஒவ்வாமை இல்லை, அவ்வளவுதான். பழைய கடிகாரங்கள் பல பித்தளையில் செய்து, நிக்கல் பூசி, அதன்மேல் தங்கமுலாம் இட்டவை. முலாம் தேய்ந்தால் நிக்கல் வெளியே வரும். நம் ஊர் வெயிலுக்கு வியர்வை சும்மா இருக்குமா? அது நிக்கலைக் கரைத்துத் தோலில் சேர்த்துவிடும்.

புதுக் கடிகாரம் வாங்கப் போனால், "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், ஒன்றும் செய்யாது" என்பார் கடைக்காரர். பாதி உண்மை. கடிகாரங்களில் மிகுதியாகப் பயன்படும் 316எல் எஃகில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு நிக்கல் இருக்கிறது. ஆனால் அது இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும். ஒவ்வாமை உள்ள பலர் கட்டுகிறார்கள், சிலருக்கு ஆகாது. ஐரோப்பாவில் நிக்கல் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைவிட, தோலில் எவ்வளவு கசிகிறது என்றுதான் சட்டம் அளக்கிறது.

என் போன்றவர்களுக்கு டைட்டேனியம் நல்லது. 1970-லேயே சிட்டிசன் நிறுவனம் அதில் கடிகாரம் செய்துவிட்டது. எடை குறைவு, விலைதான் கூடுதல். பிளாஸ்டிக் கடிகாரம் மலிவு. ஆனால் புரட்டிப் பாருங்கள், பின்மூடி பெரும்பாலும் எஃகுதான். வாரின் கொக்கியையும் மறக்காதீர்கள். தோல்வார் பாதுகாப்பு என்று நினைத்தேன். தோல் பதனிடும் குரோமியம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

எல்லா அரிப்பும் ஒவ்வாமை அல்ல. வாருக்கு அடியில் தங்கும் சோப்பும் வியர்வையும்கூட அரிக்கும். கையையும் வாரையும் கழுவித் துடைத்து, சற்றுத் தளர்த்திக் கட்டிப் பாருங்கள். அதன்பிறகும் தடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

அப்பாவின் கடிகாரத்துக்கு ஒரே நீளமான நைலான் வார் போட்டேன். அது பின்மூடிக்கு அடியில் நுழைந்து போவதால் உலோகம் தோலில் அவ்வளவாகப் படாது. துணி நனைந்தால் பயனில்லை; அதனால் நாள் முழுக்கக் கட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட வரும்போது மட்டும் கட்டிக்கொள்கிறேன். வந்ததும் அவர் என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்க்கிறார்.