ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்ட வீடு

சென்னைத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை, அப்புறம் கிண்டி. மீனம்பாக்கத்து விமான நிலையத்தையும் பரங்கிமலையையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? கிண்டியில் இறங்கி ஆளுநர் மாளிகைப் பக்கம் நடப்போம்.

முதலில் அது மாளிகையே இல்லை, தோட்ட வீடு. 1670-களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் கட்டியது. பிறகு சின்ன வெங்கடாத்ரி என்ற வணிகர் கைக்குப் போனது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். கோட்டையிலிருந்து கிண்டிக்கு வர அடையாற்றைத் தாண்ட வேண்டும். அந்த நாளில் சைதாப்பேட்டையில் பாலம் ஏது? ஆறு பெருகி ஓடினால் கவர்னர் துரையும் கரையில் நிற்க வேண்டியதுதான்! கடைசியில் பாலம் கட்டியது கிழக்கிந்தியக் கும்பெனி இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-ல், சொந்தப் பணத்தில். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. கட்டியதோடு விடவில்லை, பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினார், பாருங்கள், அதுதான் பெரிய மனசு. மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். 1960-களில் அதை எடுத்துவிட்டுக் கட்டியதுதான் இன்றைய மறைமலை அடிகள் பாலம்.

அடடா, மாளிகையை விட்டுவிட்டேனே. 1820-களில், கவர்னர் தாமஸ் மன்றோ காலத்தில், அரசு அந்த வீட்டை வாங்கியது. அப்போதும் அது ஓய்வுக்குத்தான். கவர்னரின் முறையான வீடு மவுண்ட் ரோடில், இன்றைய ஓமந்தூரார் மருத்துவமனை வளாகத்தில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டித்தான் கிண்டி நிரந்தர இருப்பிடமானது. மவுண்ட் ரோடு வீட்டை இடித்தாயிற்று. அதன் விருந்து மண்டபம் மட்டும் ராஜாஜி மண்டபமாக நிற்கிறது.

என்னைக் கேட்டால், கிண்டி வீட்டை விட அதன் மதில்தான் ஊருக்கு அதிகம் உதவியது. சுற்றுவட்டாரமெல்லாம் மனையாக விலை போனபோது, உள்ளே முட்புதர்க் காடு தப்பித்தது. அந்த நிலத்தைப் பிரித்துத்தான் ஐஐடி வந்தது, காந்தி மண்டபம் வந்தது. மிச்சக் காடு 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. புள்ளிமானும் வெளிமானும் இன்னும் அங்கே மேய்கின்றன.

மாளிகைக்குள் போக அனுமதி வேண்டும். பக்கத்துச் சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் போதும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.