மகனின் படிப்பும் மகளின் படிப்பும்

 

பத்ருப் போரில் சிறைப்பட்டோரில் எழுத்தறிந்தவர்கள், ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் எனக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்த நபியின் உம்மத்தாகிய நம் நாட்டு முஸ்லிம் பிள்ளைகளில், 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே செல்லாதவர் அல்லது இடையில் நின்றவர் என 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை உரைத்தது.

தமிழகத்தில் 2024ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.44 விழுக்காடும் மாணவர் 92.37 விழுக்காடும் தேறினர். தேர்வுக்கே வராது நின்றுவிட்ட பையன்கள் இக்கணக்கில் இல்லை. நெல்பேட்டையிலும் மாசி வீதிகளிலும் கடைகளில் அவர்களைக் காணலாம். வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் புத்தகம் கசந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டை எண்ணிக் காத்திருப்போரும் உண்டு.

பெண்பிள்ளைகளோ தோற்று நிற்பதில்லை, நாம் நிறுத்துகிறோம். "அதிகம் படிக்கவைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது ஹஜ்ரத்?" என்கின்றனர் பெற்றோர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆக, பத்தாம் வகுப்போடு நாம் கடைக்கு அனுப்பிய மகன், அடுத்த வீட்டு மகளின் கல்லூரிக் கதவையும் சேர்த்தே சாத்திவிடுகிறான்.

அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேர்வோருக்கு மாதம் 1000 ரூபாய் என, 2022இல் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. விண்ணப்பம் எழுதித் தரப் பள்ளிவாசலில் ஆள் வேண்டும், நிர்வாகிகள் கவனிப்பார்களாக.

மணமகளுக்கு 18 வயது நிறைந்த சான்றின்றி நான் நிகாஹ் பதிவேட்டைத் திறப்பதில்லை என்பதை அறிவீர்கள். இனி மணமகனின் படிப்பையும் கேட்பேன், கோபிக்க வேண்டாம்.