பதியனோடு பயணிக்கும் புழு

ராமநாதபுரம் வானொலிப் பேச்சில் ஊட்டி உருளைக்கிழங்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

1961-ல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் உதகமண்டலத்து உருளைத் தோட்டமொன்றில் ஒரு நூற்புழுவைக் கண்டார். அதன் பெண் புழு செத்த பிறகும் உடல் கெட்டியான கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும். உருளை வேரின் கசிவு படும்வரை அவை இருபது வருடம்கூட மண்ணில் காத்துக் கிடக்கும். மருந்து அந்தக் கூட்டுக்குள் எளிதில் போகாது. 1971-ல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தமிழக அரசு தடை போட்டது. எதிர்ப்புத் திறன் உள்ள குப்ரி சுவர்ணா ரகம் வந்தது 1985-ல். புழு இன்னும் அங்கேயே இருக்கிறது. கிழங்கில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும், அது ஊர்விட்டு ஊர் போக.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன் எத்தனை ஊர்களுக்குப் போகிறது! நம் மணற்பாங்கான மண்ணோ வேர்முடிச்சு நூற்புழு என்ற இன்னொரு வகைக்கு மிகப் பிடித்த இடம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வெயில் நாளில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை பெருகிவிடும். மிளகாய், கத்தரி, தக்காளி எதையும் விடாது. உரம் போட்டும் செடி வெளுத்து, பகலில் வாடி நின்றால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரே புடைத்துக் கணுக்கணுவாக இருக்கும். உளுந்து வேரிலும் முடிச்சு உண்டே என்பீர்கள். அது நல்ல முடிச்சு, வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். இது உதிராது.

குருணை மருந்தை அள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கச்சிமடம் இருக்கும் தீவில் மணலுக்குக் கீழே சில அடியிலேயே நல்ல தண்ணீர். மேலே கொட்டும் விஷம் நாம் குடிக்கும் கிணற்றுக்குத்தான் இறங்கும்.

நமக்குக் குறையாதது வெயில். சித்திரையில் நாற்றங்கால் மேடையை நன்றாக நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். தாள் கண்ணாடிபோல் வெயிலை உள்ளே விட வேண்டும். கறுப்புத் தாள் அந்த அளவு வேலை செய்யாது. ஓரங்களை மண்ணில் ஆழப் புதையுங்கள். இல்லையென்றால் கச்சான் காற்று தாளைக் கடற்கரையில் சேர்த்துவிடும்! மேல்மண்ணில் உள்ள புழு வெந்து சாகும். அரை முழத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் இது நாற்றங்காலுக்குத்தான். முழுக் காட்டுக்கும் கட்டுப்படியாகாது.

காட்டில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா இரண்டரை கிலோவை 50 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவலாம். ஒரு போகம் துலுக்கச் செவ்வந்தி வைத்தால் அதன் வேரே புழுவைக் கொல்லும், பூவும் காசாகும்.

பதியன் விற்பவர்கள் கட்டுக்குப் பத்து வேரையாவது அலசிப் பார்த்து அனுப்புங்கள். முடிச்சு இருந்தால் அந்தக் கட்டை எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் வேரோடு கொஞ்சம் ஈரமண்ணையும் பையில் கட்டி, வெயில் படாமல் ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். காய்ந்த மண்ணில் புழு செத்துவிட்டால் சோதனையில் சரியாகத் தெரியாது.